கடல்நீர்த் தொட்டி அமைத்துத் தருபவர்கள் நம் வீட்டில் கொண்டுவந்து வைக்கும் 'லைவ் ராக்': ஓர் எச்சரிக்கை

சென்னையில் வீட்டுக்குப் பெரிய பவளப்பாறைத் தொட்டி (கடலடிப் பாறை போல அமைத்து, கடல்நீரில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) அமைக்க எண்ணி விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி அமைத்துத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு எங்களிடம் மூன்றரை லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டவர், தண்ணீரில் ஏமாற்றினார், உப்பில் ஏமாற்றினார். இவை பண நட்டத்தோடு முடிந்துவிடும். ஆனால் வைத்திருப்பவரையே சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரு பொருளை 'லைவ் ராக்' என்று சொல்லித் தொட்டிக்குள் அடுக்கிவிட்டுப் போனாரே, அதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

லைவ் ராக் என்பது நல்ல பாக்டீரியாக்கள் குடியேறிய, நுண்துளைகள் நிறைந்த கல். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிப்பதற்கு இது பயன்படுகிறது. எங்களுக்கு வரப்போவது இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதியான கல் என்றுதான் பேச்சு. கல் வந்திறங்கிய மறுநாள், பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் படித்த என் அக்கா மகள் தற்செயலாக வந்தவள், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனாள். ஒரு கல்லில் நட்சத்திர வடிவச் சிறு கிண்ணங்கள் நெருங்கியிருந்தன; ஒவ்வொன்றிலும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் ஓடின. இன்னொன்று மூளையைப் போல வளைந்து வளைந்து பள்ளம் விழுந்திருந்தது. இரண்டுமே பாறை கட்டும் பவள உயிர்களின் கூடுகள். கல்லின் ஓரங்களில் உளி பட்ட வெட்டு இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவற்றோடு சேர்த்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டிலிருந்து உள்ளன. புலிக்கு எந்த அட்டவணையோ, பவளத்துக்கும் அதே அட்டவணைதான். உயிரோடு இருப்பது மட்டுமல்ல, செத்த கூடும் இதில் அடங்கும். தண்டனை குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. வெளிநாட்டுக் கல் என்று வாயால் சொல்வதும் பயன்படாது, ஏனெனில் பாறைப் பவளங்கள் எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் ஏற்றுமதி செய்த நாட்டின் அனுமதிச் சான்று இருந்தே ஆக வேண்டும். நான் கேட்டபோது அப்படி ஒரு தாளே அவரிடம் இல்லை.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காக அங்கே பவளத்தை வெட்டியெடுத்தார்கள். இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்துச் செத்தவை போக எஞ்சியிருப்பதைத்தான் இப்படி உளி வைத்துப் பெயர்க்கிறார்கள். எங்கள் வீட்டுக் கல் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதை அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும். எந்தக் கடலாக இருந்தாலும், அழகுக்காக வைக்கும் ஒரு தொட்டிக்கு அந்த விலை கொடுக்கலாகாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

கற்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அவர் பதறவில்லை. "சார், கல்லு உங்க வீட்லதான் இருக்கு. பில்லுல அலங்காரக் கல்லுன்னுதான் போட்டிருக்கு. யார்கிட்ட போய்ச் சொல்வீங்க?" என்றார். இந்த ஏமாற்றின் உயிர்நாடி இதுதான். சட்டவிரோதப் பொருளை வாங்கியவர் கையில் திணித்துவிட்டால், தண்ணீர் கெட்டாலும் மீன் செத்தாலும் கண்ணாடி விரிசல் விட்டாலும் அவர் வாய் திறக்கமாட்டார் என்பது கணக்கு. விலையில்லாமல் ஒரு பவளத் துண்டைப் 'பரிசாக' வைத்துவிட்டுப் போவதும் இதே நோக்கத்தோடு நடக்கலாம்; ஆகையால் அன்பளிப்பையும் வாங்காதீர்கள்.

அந்தக் கணக்கை முறிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இத்தகைய பொருள் எந்த வகையில் கைக்கு வந்திருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, ஒப்பந்தம், பில், வாட்ஸ்அப் உரையாடல், படங்கள் ஆகியவற்றோடு அந்தக் கெடுவுக்குள் வனத்துறையிடம் எழுத்தில் கொடுத்தோம். அவர்கள் கற்களை எடுத்துக்கொண்டு ஒப்புகை தந்தார்கள். கற்களைக் குப்பையில் போடவோ ரகசியமாகக் கடலில் எறியவோ நினைக்காதீர்கள். அது விற்றவருக்குத்தான் உதவும்.

இனி உப்பு. நல்ல கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அவர் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு, சரியாக 35 காட்டுவதை என் கண்ணெதிரே காட்டினார். அந்தக் கருவி எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, என்ன உப்பு என்று சொல்லாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சம் படிந்து கால்சியம் பெரும்பாலும் பிரிந்துவிடுகிறது. பிறகு உப்பு விளைகிறது. மக்னீசியம் எஞ்சும் கசப்புநீரோடு போய்விடுகிறது. அந்த உப்பைக் கரைத்தாலும் கருவி 35தான் காட்டும். பவளப்பாறைத் தொட்டிக்கு லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியமும், ஏறத்தாழ 1300 மில்லிகிராம் மக்னீசியமும் தேவை. எங்கள் தொட்டியில் கால்சியம் 150கூட இல்லை. பிராண்டு பெயர் போட்ட மூட்டையில் வேறு உப்பை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மூட்டையை உங்கள் எதிரே பிரிக்கச் சொல்லுங்கள். கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை மூன்றுக்கும் டெஸ்ட் கிட் நீங்களே வாங்கி வையுங்கள்.

தண்ணீரும் அப்படியே. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூச்சியமாக இருக்கும், வடிகட்டிச் சுத்திகரித்த ஆர்ஓ டிஐ தண்ணீர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், டேங்கர் லாரித் தண்ணீரை ஊற்றினார்கள். உப்பு கரைத்த பின் டிடிஎஸ் மீட்டரால் பயனில்லை. கரைப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

மீன்களின் கதையை எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். பாக்டீரியா பாட்டில் ஒன்றை ஊற்றிவிட்டு மறுநாளே கோமாளி மீன்களையும் 'நீல டாங்' என்ற வகை மீன் ஒன்றையும் விட்டார்கள். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், நன்னீரில் தாங்கக்கூடிய அம்மோனியா இங்கே நஞ்சாகிவிடும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து செவுள் துடிக்க மூச்சு வாங்கின, ஒன்றும் பிழைக்கவில்லை. நீல டாங்குகள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்படுபவை. கோமாளி மீனையாவது பொரிப்பகத்தில் வளர்க்கிறார்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கான தொழில்நுட்பத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். அதனால் எந்தப் பொரிப்பகத்து மீன் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். தண்ணீரை மேலேற்றும் குழாயின் வாய் ஆழமாக இருந்தால், மின்சாரம் போனதும் தொட்டித் தண்ணீர் அதே வழியாகக் கீழிறங்கி, சம்ப் (கீழே இருக்கும் வடிகட்டுத் தொட்டி) நிரம்பிக் கூடத்தில் ஓடும். எங்களுக்கு முதல் மின்வெட்டிலேயே ஓடியது. மாடியில் வைப்பவர்கள் பொறியாளரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். இந்த அளவுத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 700 கிலோ. அது உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதல். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற அளவில்தான் பொதுவாக வடிவமைக்கிறார்கள்.

இப்போது செராமிக் கல்லை வைத்து, பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியம் குளோரைடு சேர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும்வரை மீனில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். உப்பு, தண்ணீர், குழாய் வேலை ஆகியவற்றுக்கான நட்டஈடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். 'அலங்காரக் கல்' என்று எழுதிய பில் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் எனக்கு எழுதினால், வனத்துறைக்கும் ஆணையத்துக்கும் நாங்கள் கொடுத்த மனுக்களின் நகலைப் பெயர்கள் நீக்கி அனுப்பிவைக்கிறேன்.