கூலரா, ஏசியா: மசினகுடி வீட்டில் இரண்டு கோடை ஓட்டிப் பார்த்தது

நீலகிரிக்காரன் என்று சொன்னாலே "உங்களுக்கு எதுக்குங்க ஏசி?" என்று கேட்கிறார்கள். ஊட்டி வேறு, மசினகுடி வேறு. கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணிக்கிற ஊர் இது. மலையின் மழை மறைவுப் பக்கம் என்பதால் மாசி பங்குனியில் காடே சருகாகக் கிடக்கும், எங்கள் முன்ஹாலுக்குத் தகரக் கூரை வேறு, மத்தியானம் உள்ளே உட்கார முடியாது. 2024 ஏப்ரலில் ஊட்டியிலேயே 29 டிகிரி தொட்டபோதுதான் சரி, இனி தள்ளிப்போட வேண்டாம் என்று இரண்டையும் வாங்கினேன். ஹாலுக்கு 55 லிட்டர் டெசர்ட் கூலர், அம்மா படுக்கிற அறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி.

ஏசி வந்த அன்று அம்மா கேட்டது: "ஏண்டா, ஒரு டன்ன நம்ம செவுரு தாங்குமா?" டன் என்பது எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம், கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு மணி நேரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஆவியானாலும் ஏறக்குறைய அதே அளவு வெப்பம்தான் போகும். பாட்டி காலத்து வெட்டிவேர் தட்டியும் இந்தக் கணக்கில்தான் ஓடியது. தண்ணீரில் நனைந்த பேட் (மெத்தை மாதிரித் தட்டி) வழியாகக் காற்றை இழுத்துக் கூலர் இதைச் செய்யத் தின்கிற கரண்ட் 190 வாட், ஏசி முழு வேகத்தில் ஓடினால் ஆயிரம் வாட் பக்கம். ஆனால் கூலர் உண்டாக்குகிற குளிர்ச்சியில் பாதி ஜன்னல் வழியாக வெளியே போய்விடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்ச்சில் ஒரு மத்தியானம் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். வெளியே 34, கூலர் வாயில் 25. ஏசியை அன்று போடவே இல்லை. கரண்ட் பில்லிலும் அது தெரிந்தது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும் என்பது ஏசி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்த பயம், எங்களுக்கு அந்தப் பயம் வரவில்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் கூலர் முனகிக்கொண்டே ஓடும். ஏசி ஸ்டெபிலைசரைக் கேட்கும்.

கூலரில் இரண்டு தலைவலி. ஒன்று தண்ணீர். காலையில் நிரப்பினால் சாயங்காலம் அடியில் கொஞ்சம்தான் மிச்சம், அதுவும் குழாயில் தண்ணீர் சரியாக வராத அதே மாதங்களில். இன்னொன்று ஜன்னல். ஏசிக்குக் கதவை அடைக்க வேண்டும், கூலருக்குத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தேங்கிப் புழுங்கும். மசினகுடியில் ஜன்னலைத் திறந்து வைப்பதா? இரண்டாம் நாளே ஒரு குரங்கு கூலர் மேல் உட்கார்ந்து, எங்கள் சீப்பு வாழைப்பழத்தை ஒவ்வொன்றாக உரித்து, தோலை டேங்குக்குள் போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கம்பி வலை அடித்தோம், 1,800 ரூபாய். கூலர் வாங்குகிறவர்கள் இதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு எதுவும் வேண்டாம், ஃபேன் போதும், விடியற்காலையில் அதையும் நிறுத்திவிட்டுப் போர்வை தேடுவோம்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லப்போய்த்தான் கூடலூர் அக்கா மே மாதம் கூலரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இங்கிருந்து 25 கிலோமீட்டர்தான், ஆனால் தேயிலையும் மழையுமாக இருக்கிற ஊர். கோடை மழை பெய்த மறுநாள் வெளியே 29, கூலர் வாயில் 27. காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிரம்பியிருந்தால் டேங்கில் இருக்கிற தண்ணீர் எங்கே போய் ஆவியாகும்? மூன்றாம் நாள் போன் வந்தது: "டேய், தீக்குச்சி பத்த மாட்டேங்குது, டப்பாவில இருந்த அப்பளம் துணி மாதிரி மடங்குது, வந்து எடுத்துட்டுப் போ." போய் எடுத்து வந்தேன். பேட் பாசி நாற்றம் அடித்தது. காய வைக்காமல் மூடி வைத்ததன் பலன் அது, மெஷினைக் குறை சொல்ல முடியாது. டேங்குத் தண்ணீரையும் வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள், கொசு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது.

அக்கா வீட்டுக்குச் சரியானது ஏசிதான். அது குளிர்விப்பதோடு காற்றில் இருக்கிற ஈரத்தையும் பிடித்துக் குழாய் வழியாக வெளியே சொட்டவிடும், கூடலூர் மே மாதத்துக்கு அந்தச் சொட்டுதான் முக்கியம். என் வீட்டு ஏசி? விருந்தாளி வந்தால் போடுகிறோம். காசு தண்டம் என்று அம்மா நினைப்பதை நான் மறுப்பதில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஆட்கள் இரண்டையும் வாங்க வேண்டாம், தகரக் கூரை என்றால் வெள்ளை பெயின்ட் அடித்துப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் டிகிரியைப் பார்க்காதீர்கள். மத்தியானம் ஒரு ஈரத் துண்டை நிழலில் கொடியில் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்தால் கூலர் வாங்கலாம். எங்கள் வீட்டில் மார்ச்சில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அக்கா வீட்டுக் கொடியில் அன்று போட்ட துண்டு மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.