கோடிட்ட இடமும் ஆறு பிள்ளைகளும்: ஏழு வருஷ வீட்டுப் படிப்பு அனுபவம்

பிரிண்டர் நேற்றுத்தான் தர்மபுரியிலிருந்து திரும்பி வந்தது. விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டிக்கொண்டே இருந்தனவே தவிர, ஒரு தாளைக்கூட வெளியே தள்ளவில்லை. கடைத் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, வேஸ்ட் இங்க் பேட் ரொம்பிப் போச்சு" என்று அடியிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு பஞ்சை உருவிக் காட்டினார். அதை மாற்றி, கவுண்டரை ரீசெட் செய்து 1,100 ரூபாய். கிளம்பும்போது சோதனைக்கு ஒரு தாள் அடித்துக் கையில் கொடுத்தார். இதுவரை ஓடிய பக்கங்கள் 23,416 என்று அதில் இருந்தது.

"ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கீங்களாக்கா?"

"இல்ல தம்பி, ஆறு பிள்ளைங்க."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அன்று ராத்திரியே ஓசூரிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வருகிற ஜூனில் பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று இருக்கிறாளாம். "எந்த சிலபஸ் வாங்கலாம்கா? நீதான் ஏழு வருஷமா பண்றியே." வாட்ஸப்பில் பேசிப் பதில் அனுப்ப ஆரம்பித்து நாலு மெசேஜ் தாண்டிவிட்டது. சரி, எழுதியே விடுகிறேன்.

வீட்டுப் படிப்பு நல்லதா கெட்டதா, பிள்ளைகள் நாலு பேரோடு பழக வேண்டாமா, 2009 கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் இங்கே தேடாதீர்கள். (அந்தச் சட்டத்தில் வீட்டுக் கல்வி என்ற பேச்சே கிடையாது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சண்டை போடுகிறார்கள்.) எனக்கு இருப்பது ஒரே ஒரு எரிச்சல். பாடப் புத்தகத்துக்குள்ளேயே பதில் எழுதச் சொல்லி விட்டுவைக்கிறார்களே, அந்தக் கோடிட்ட இடம்.

பாலக்கோடு பக்கத்தில் தோட்டத்து வீடு எங்களுடையது. வீட்டுக்காரருக்கு சொட்டுநீர்ப் பைப் வியாபாரம். நான் தனியார் பள்ளியில் நாலு வருஷம் கணக்கு எடுத்தவள். பிள்ளைகளுக்கு 16, 14, 12, 9, 7, 4. இந்த வீட்டில் எதுவும் ஒருத்தரோடு முடிவதில்லை. பெரியவளுக்கு வாங்கிய சைக்கிளை நாலாமவன் ஓட்டுகிறான். ஸ்வெட்டர், செருப்பு, ஜியாமெட்ரி பாக்ஸ், அம்மை போட்ட கதை வரைக்கும் வரிசையாக இறங்கி வரும். பயிற்சிப் புத்தகம் மட்டும் இறங்காது. ஒரு பிள்ளை எழுதிவிட்டால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

2018-இல் பெரியவள் மூன்றாம் வகுப்பு முடித்ததும் ஆரம்பித்தோம். முதலில் சமச்சீர்ப் புத்தகம்தான். அந்த வருஷம் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு மட்டும் புதுப் புத்தகம் வந்திருந்தது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த வருஷம் வந்தது. வந்த புத்தகங்களைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். படங்கள் நன்றாக இருந்தன, விலை கை கடிக்கவில்லை, பிடிஎஃப் இலவசம். ஆனால் சின்ன வகுப்புக் கணக்கைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வட்டமிடு, இணை, நிரப்பு, வண்ணமிடு. பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம், அங்கே சரி. என் வீட்டில் ஒரு புத்தகத்துக்கு ஆறு பிள்ளை.

அப்புறம் 2019-இல், யாரோ சொன்னார்கள் என்று, சிங்கப்பூர் முறைக் கணக்குக்குப் போனோம். இதைப் பற்றி நல்லதாகச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில்தான் எண். கையில் பொருளுக்குப் புளியங்கொட்டை. எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? பத்துப் பத்தாகப் பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்தோம். பத்து முடிச்சு சேர்ந்தால் ஒரு பை, அது நூறு. கடன் வாங்கிக் கழிக்கும்போது ஒரு முடிச்சை அவிழ்த்துக் கொட்ட வேண்டும். நாலு வருஷம் பள்ளியில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று கத்தியிருக்கிறேன். அந்த முடிச்சு அவிழ்கிற சத்தம் செய்த வேலையில் பாதியைக்கூட என் கத்தல் செய்ததில்லை. அதே கொட்டைகள்தான் இன்றைக்கும் ஐந்தாமவளிடம் இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் தேய்மானம் இல்லை.

அடுத்தது கட்டப்படம். தெரிந்த அளவு, தெரியாத அளவு இரண்டையும் நீளமான கட்டங்களாக வரைந்து பார்ப்பது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது, மூன்றாமவன் தக்காளிப் பெட்டியின் பக்கத்திலேயே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கட்டம் போட்டான். அதற்குக் கீழே அதே நீளத்தில் ஐந்து கட்டம். "முன்ன வித்தது இது, இன்னிக்கி இது. நடுவுல நாலு கட்டம் யாருக்குப் போச்சு?" என்று அவன் அப்பாவைக் கேட்டான். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவு நல்ல புத்தகத்தை எழுதியவர்கள், அதைப் பாடநூல் ஒன்று, பயிற்சி நூல் ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். பாடநூல் இறங்கி வரும். பயிற்சி நூல் வராது. வருஷத்துக்கு இரண்டு பாகம், ஒன்று கிட்டத்தட்ட 900 ரூபாய். ஆறு வகுப்புக்கு ஒரு பிள்ளைக்கு 12 புத்தகம், ஆறு பிள்ளைக்கு 72. மொத்தம் 64,800 ரூபாய். ஒரே செட்டைச் சுற்றில் விட்டால் 10,800. இந்தக் கணக்கை நான் கட்டப்படம் போட்டே பார்த்தேன். ஒரு கட்டம், கீழே ஆறு கட்டம்.

அதனால் ஒரே செட்டைச் சுற்றில் விட்டேன்.

பென்சிலால் மட்டும்தான் எழுத வேண்டும் என்று சட்டம். வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து ரப்பர் போடுவோம். பிளாஸ்டிக் உறைக்குள் பக்கத்தைச் செருகி மேலே மார்க்கரால் எழுதுவதையும் பார்த்தாயிற்று. மூன்றாமவன் காலை முழுக்கப் போட்ட கணக்கைக் கடைக்குட்டி பாவாடையால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள். அன்றோடு அது நின்றது. நோட்டில் எழுது என்றால் சின்னதுகளுக்குக் கணக்கைப் பார்த்து எழுதவே அரை மணி நேரம் போய்விடுகிறது. அதற்குள் கணக்கின் மேல் இருந்த ஆசை போய்விடும்.

ரப்பர் வழிதான் நிலைத்தது. அதுதான் மோசம் போனது.

பெரியவள் எழுத்து அழுத்தமான எழுத்து. மூன்றாம் வகுப்பு முதல் பாகத்தில் 6, 7, 8, 9 வாய்ப்பாடு வரும். அதில் 7 × 8 எதிரே 2019-இல் அவள் 54 என்று எழுதியிருந்தாள். நான் திருத்தினேன், அவளும் மாற்றினாள். அழித்தோம். 2020-இல் இரண்டாமவன் 54 என்று எழுதினான். எல்லாப் பிள்ளைக்கும் தடுக்கும் இடம்தானே என்று விட்டுவிட்டேன். 2022-இல் மூன்றாமவனும் 54. அன்றைக்குத்தான் அவன் பின்னால் போய் நின்று பார்த்தேன். புத்தகத்தை ஜன்னல் பக்கம் தூக்கி, வெயில் சாய்வாக விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். கரி போயிருந்தது, பள்ளம் போகவில்லை. அக்கா எழுதியது, அண்ணன் எழுதியது எல்லாம் தாளில் அப்படியே பதிந்து கிடந்தது. பள்ளம் மங்கலாக இருந்தால் பென்சிலைப் படுக்கப் போட்டு லேசாகத் தீட்டினால் வெள்ளையாக மேலே வருமாம். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணன். மூன்று வருஷம் ஆயிரக்கணக்கில் செலவழித்து என் பிள்ளைகளுக்குக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு பிரிண்டர்தான் கதி. அரசாங்கப் புத்தகத்தின் பிடிஎஃப்பில் தேவையான பக்கம், ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் (பிரதம் புக்ஸ் திறந்த உரிமத்தில் போட்டிருப்பதால் அச்சடிக்க மனசு உறுத்தாது), கணக்குக்கு நானே டைப் செய்த தாள்கள். 23,416 பக்கம் வந்த வழி இதுதான்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நான் ரப்பர் போட விட்டதில்லை. 2022 மே மாதம், கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 வருஷம் பழசு என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெரியவள் சமூக அறிவியல் புத்தகத்தில் இரும்பு வருகிற பக்கத்தின் ஓரத்தில் "இல்லை, 4200. நம்ம ஊர்ப் பக்கம்" என்று எழுதிவைத்தாள். புத்தகம் தம்பியிடம் போனது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்புக்கு கி.மு. 3345 என்று தொல்லியல் துறை அறிக்கை வந்ததும், அவன் அக்கா எழுதியதை அடித்துவிட்டு "5300. நம்ம ஊர் அவுட்" என்று கீழே எழுதினான். இப்போது அந்தப் புத்தகம் மூன்றாமவனிடம் இருக்கிறது. செய்தித்தாளில் தொல்லியல் என்று தலைப்பு வந்தால் முதலில் எடுத்துப் படிப்பது அவன்தான், பென்சிலோடு.

தினசரி எப்படிப் போகிறது என்றும் சித்தி மகள் கேட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்பது மணிக்கு ராகிக் களி உள்ளே இறங்கின பிறகு மேஜை. பதினொன்றரைக்கு மேல் யாரும் உட்காருவதில்லை, நான் உட்பட. மூன்று பேர் மேஜையில், இரண்டு பேர் திண்ணையில், கடைக்குட்டி மேஜைக்கு அடியில். மாமியார் தெலுங்கில்தான் எண்ணுவார். அதனால் சின்னது இரண்டும் முப்பது வரை தெலுங்கிலும் அதற்கு மேல் தமிழிலும் எண்ணும். தண்ணீர்ப் பாடத்தில் ஃப்ளோரைடு வந்தபோது பாட்டியின் பழுப்புப் பல்லைக் காட்டினோம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பல். எந்தத் தாளும் அச்சடிக்கத் தேவைப்படாத ஒரே பாடம்.

பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ்., அதாவது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது ஆகியிருக்க வேண்டும், ஐந்து பாடம், தமிழ் வழி உண்டு. ஒரே தடவையில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பெரியவள் அக்டோபரில் மூன்று, அடுத்த ஏப்ரலில் இரண்டு என்று முடித்தாள். மையம் வேறு மாவட்டத்தில் விழுந்து அலைச்சல்தான், இருந்தாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாருங்கள், இந்தப் புத்தகங்களில் பதில் பெரும்பாலும் நோட்டில்தான், அழகாகக் கை மாற்றலாம். இங்கே அட்மிஷன் கட்டணத்தோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் புது செட் தானாக வருகிறது! இரண்டாமவனைச் சேர்த்ததும் இரண்டு செட் ஆகிவிட்டது. மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்த அசைன்மென்ட் கேள்விகளோ வருஷா வருஷம் மாறுகின்றன. மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதுதான். வேண்டாத இடத்தில் வாரிக் கொடுக்கிறவர்கள், வேண்டிய இடத்தில் கையை மூடிக்கொள்கிறார்கள்.

ஓசூர்க்காரிக்கு என் பதில்: உனக்கு இரண்டே பிள்ளை. தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் அரசாங்கப் புத்தகம், கணக்குக்குச் சிங்கப்பூர். பயிற்சி நூலை ஆளுக்கு ஒன்று புதிதாக வாங்கு, கஞ்சத்தனம் பண்ணாதே. கணக்குக்கு அதைவிட நல்ல புத்தகம் நான் பார்த்ததில்லை. நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கட்டப்படத்துக்கு. மூன்றாவது கொடுக்கலாம்தான், ஆனால் இன்றைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

ஏனென்றால் பிரிண்டர் கடையில் கிடந்த நாலு நாளும் நாலாமவனுக்குத் தாள் இல்லை. வேறு வழியில்லாமல் பரணிலிருந்து அந்தப் பழைய மூன்றாம் வகுப்புப் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தேன். 7 × 8 இருக்கும் இடத்தில் மூன்று பிள்ளைகள் ரப்பர் போட்டதில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. அவனும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தான், அவனும் 54. கோபத்தில் அன்றைக்கே புதுப் பயிற்சி நூல் ஆர்டர் போட்டேன். 940 ரூபாய்.

இன்று காலை வந்தது. பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இதுல ஒண்ணுமே தெரியலம்மா."

"தெரியாது. நீதான் முதல்ல எழுதப் போற."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பென்சிலை அழுத்திப் பிடித்து 54 என்று எழுதினான்.