ஆட்சிக் கலைப்பைத் தடுப்பது எது: மேலவையா, நீதிமன்றமா?

ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளைக்குப் பக்கத்தில் சட்ட மாணவர்களோடு பேச உட்கார்ந்தால், மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர வழி தரும் அரசியல் சாசனத்தின் 356வது பிரிவு எப்படியாவது வந்துவிடும். மத்திய அரசு அப்படிக் கலைக்கும்போது நாடாளுமன்ற மேலவையையா, நீதிமன்றத்தையா, எதை நம்புவது என்று ஒரு விவாதத்தில் பக்கம் எடுக்க வேண்டி வந்தது. நான் நீதிமன்றத்தின் பக்கம் நின்றேன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

"மக்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது மதுரையில் உடனே வரும் பதில். 1980இல் கலைக்கப்பட்ட எம்.ஜி.ஆர். மதுரை மேற்கில் வென்று மறுபடி முதல்வரானார். சரி, ஆனால் 1991இல் கலைக்கப்பட்ட தி.மு.க. அடுத்த தேர்தலில் தோற்றது. அதனால் அந்தக் கலைப்பு நியாயமாகிவிடுமா?

கலைப்புக்கு மேலவையும் ஒப்புதல் தர வேண்டும். அதனால் அது நல்ல காவல்தான், அங்கே ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாமல் இருந்தால். 1999இல் மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாததால் வாஜ்பாய் அரசு பீகார் கலைப்பைத் திரும்பப் பெற, ராப்ரி தேவி மீண்டும் முதல்வரானார். ஸ்பெயினிலோ 2017இல் ஆளுங்கட்சிக்கே மேலவையான செனட்டில் பெரும்பான்மை, கட்டலோனியா என்ற மாகாணத்தின் அரசை நீக்க ஒப்புதல் எளிதாகக் கிடைத்தது. ஜெர்மனியிலும் மத்திய அரசு ஒரு மாநிலத்தின் மேல் நடவடிக்கை எடுக்க மேலவை ஒப்புதல் கட்டாயம். அதற்கான சாசனப் பிரிவை இதுவரை யாரும் பயன்படுத்தாததால் அதன் பலத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியாது.

நீதிமன்றத்துக்கு எண்ணிக்கைக் கவலை இல்லை. கலைக்கப்பட்ட கர்நாடக முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையைச் சட்டசபையில்தான் பார்க்க வேண்டும், கவர்னர் மாளிகையில் அல்ல என்றது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்கும்வரை சட்டசபையைக் கலைக்கவும் கூடாது. சபை உயிரோடு இருந்தால்தானே போன ஆட்சி திரும்பி வர முடியும்!

ஆனால் தீர்ப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பொம்மையின் ஆட்சி போனது 1989இல். தீர்ப்பு வந்தபோது கர்நாடகம் தேர்தலே நடத்தி முடித்திருந்தது. கட்டலோனியா விஷயத்தில் ஸ்பெயின் அரசியல் சாசன நீதிமன்றமும் 2019இல்தான் தீர்ப்புச் சொன்னது. 2016இல் உத்தராகண்டில் கதை வேறு. மார்ச் கடைசியில் குடியரசுத் தலைவர் ஆட்சி, ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றமே மே 10இல் நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்த வைத்தது. ஹரீஷ் ராவத் மறுபடி முதல்வரானார்.

வழக்கு முடியும்வரை புதுத் தேர்தலை இடைக்கால உத்தரவால் நிறுத்திவைக்கலாம் என்று பொம்மை தீர்ப்பிலேயே இருக்கிறது. கலைப்பை எதிர்த்து வழக்குப் போடுபவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது அதைத்தான்.