அப்பாரு காலத்து டிரெய்லர்: சரிபண்ணி ஆறு வருடம் ஓட்டிய பிறகு

பழைய டிராக்டர் டிரெய்லரைச் சரிபண்ணலாமா, இரும்பு விலைக்குப் போட்டுவிட்டுப் புதிது அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சேஸும் (அடிச்சட்டம்) அச்சும் நேராக இருந்தால் சரிபண்ணுங்கள். ஆனால் சரிபண்ணியதை ஷெட்டில் நிறுத்திவைக்கக் கூடாது, வேலைக்கு விட வேண்டும். எங்களுடையது ஆறு வருடமாகக் கரும்பும் மஞ்சளும் எருவும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கம், கீழ்பவானிப் பாசனம். டிரெய்லர் ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், நான்கு பக்கமும் மரப்பலகை. இழுப்பது பழைய மாசி பெர்குசன் 1035. பழைய ஆர்.சி. புத்தகத்தில் அப்பாரு, அதாவது தாத்தா பெயர், வருடம் 1976, மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய பதிவு எண். 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான் இப்போதைய டி.என். வரிசை எண்கள் வந்தன. இந்த மாதிரி டிரெய்லர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் அடித்தவை. எங்களுடையதில் கழித்துப்போட்ட லாரியின் அச்சும், சக்கரம் மாட்டும் ஹப்பும்தான் இருக்கின்றன. கம்பெனிப் பெயர், தயாரிப்பு எண் என்று எதுவும் இல்லை. அதனால் அதன் கதையை டிரெய்லரிலும் வீட்டு ஆட்களிடமும்தான் தேட வேண்டியிருந்தது.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டது. டிராக்டரோடு மாட்டும் முன்கட்டை, அதாவது முக்கோணமாக வந்து கொக்கி வளையத்தில் முடியும் பகுதி. ஒற்றை அச்சு டிரெய்லரில் பாரத்தின் ஒரு பங்கு இங்கேதான் உட்காருகிறது. வெல்டிங் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியை மேலே தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மெல்லிய ஈரக்கோடு தெரியும். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? டீசலிலேயே பார்த்தோம். இடது பக்கம் முக்கோணம் சேஸோடு சேரும் இடத்தில் விரலளவு நீளத்துக்குக் கோடு. அதைத் தோண்டி எடுத்து வெல்டு வைத்து, மேலே ஒரு பட்டை சேர்த்தோம். கொக்கி வளையம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது, அதையும் மாற்றினோம். ஆறு வருடத்தில் அந்த இடம் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு கரும்பு சீசனுக்கு முன்னாலும் சுண்ணாம்புக் கட்டி வெளியே வந்துவிடும்.

காசு அதிகம் போனது டயருக்கும் பேரிங்குக்கும். பழைய டயரில் பட்டன், அதாவது ரப்பர் மேடு, நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் அது முடிந்த டயர். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3518 என்றால் 2018ஆம் வருடத்தின் 35வது வாரம் செய்தது. கடையில் இரண்டு வருடம் கிடந்ததைப் புதிது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஹப்பில் டேப்பர் பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டோம். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் தளர்த்திவிட்டு, நட்டு சுழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் போட வேண்டும். முதல் லோடு ஆப்பக்கூடல் ஆலைக்குப் போனபோது வழியில் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். கை வைத்திருக்க முடிகிற சூடுதான். அதற்கப்புறம் வருடம் ஒருமுறை கிரீஸ் மாற்றுவதோடு சரி.

தரைக்கு இரும்புத் தகடு அடிக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நான் பழையபடி மரமே போட்டேன். அழுகிப்போனதை மட்டும் எடுத்துவிட்டு வேம்புப் பலகை. பின்கதவை ஒட்டிய பலகை ஒன்று இதற்குள் மறுபடி போய்விட்டது, எரு ஈரம் அங்கேதான் தேங்குகிறது. ஒற்றைப் பலகையைக் கழற்றி மாற்றுவது அரை நாள் வேலை. தரை தகடாக இருந்தால் துரு ஓட்டையை ஒட்டுப்போட்டே காலம் போகும். கரையானுக்குப் பயந்து பலர் கழிவு ஆயில் அடிப்பார்கள். சேஸுக்கு அடித்துக்கொள்ளுங்கள், தரைப் பலகைக்கு வேண்டாம். அந்த நாற்றம் மூட்டையில் ஏறினால் மஞ்சளை மண்டியில் மோந்துபார்க்கும்போதே விலை இறங்கிவிடும்.

இனி பெயிண்ட். இங்கேதான் பெயிண்டருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. "எல்லாத்தையும் தேச்சுட்டு புதுசாட்டம் ஆக்கிரலாங்க" என்றார். வலது பக்கப் பலகையில் மேல் பூச்சு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. பிளேடால் மெதுவாகத் தள்ளியபோது கீழே பழைய பச்சையின் மேல் மஞ்சள் எழுத்தில் "பண்ணாரி அம்மன் துணை". துணையில் இருந்த ணை, பழைய யானைத் தும்பிக்கை போட்டது. அந்த வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல். கைப்பழக்கம் போகாத பெயிண்டர்கள் அதற்கப்புறமும் தும்பிக்கை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் எழுத்து மட்டும் சாட்சியாகாது. ஆனால் அந்தப் பச்சைக்குக் கீழே வேறு பெயிண்டே இல்லை, நேராக மரம். அப்படியென்றால் டிரெய்லர் வந்த புதிதில் எழுதியதுதான். அந்தப் பலகையை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சேஸுக்கு ரெட் ஆக்சைடு அடித்து மேலே கருப்பு எனாமல், மற்ற பலகைகளுக்குப் பழைய பச்சை. இந்த வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு ஒன்று: அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், மாஸ்க் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

எழுத்தைப் பாதுகாக்க முதலில் ஒரு ஓரத்தில் கிளியர் லேக்கர் (நிறமில்லாத பூச்சு) அடித்துப் பார்த்தோம். ஒரு சித்திரை வெயிலுக்கே மஞ்சளித்து உரிந்தது, கூடவே பழைய பச்சையையும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு வந்தது. டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) பரவாயில்லை. துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நிறம் சற்றே கருக்கும், தூசி ஒட்டும், வருடம் ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். ஆனாலும் எழுத்து நிற்கிறது. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

முன்பலகையின் உள்பக்கம் ஆணியால் கீறிய கோடுகள் ஐந்தைந்தாக இருக்கின்றன. பெரியப்பாவிடம் கேட்டால், ஈரோட்டு மண்டிக்குப் போன மஞ்சள் மூட்டைக் கணக்கு என்கிறார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அது பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்குக் கொண்டுபோன விறகுக் கட்டையின் கணக்காம். டிரெய்லர் வாங்கிய பணத்துக்கும் இப்படித்தான் இரண்டு கதை. மஞ்சள் விலை ஏறிய வருடம் வாங்கினோம் என்பார் பெரியப்பா. அப்பத்தாவின் காசுமாலை அடகுக்குப் போனது உங்க பெரியப்பனுக்குத் தெரியாது என்பார் அத்தை. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவர் பேச்சையும் போனில் பதிவுசெய்து, சொன்னவர் யார் என்று குறித்து நோட்டில் எழுதியிருக்கிறேன். சரிபண்ணுவதற்கு முன் எடுத்த படங்கள், எந்த பாகம் பழையது எது புதியது என்ற பட்டியல் எல்லாம் அதே நோட்டில். புதுப் பலகையின் அடிப்பக்கத்தில் போட்ட வருடத்தைச் சூட்டுக்கோலால் பொறித்திருக்கிறோம். அப்படிச் செய்யாவிட்டால், இன்னும் முப்பது வருடத்தில் வேம்புப் பலகையையும் அப்பாரு போட்டது என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

காகித வேலையையும் விடாதீர்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. உரிமையாளர் இறந்தால் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் டிராக்டருக்கு மாற்றிவிட்டு டிரெய்லரை மறந்திருந்தார்கள், அதைச் சரிசெய்ய அலைந்த அலைச்சல் தனிக்கதை.

குறை என்று பார்த்தால், பாரம் இல்லாமல் வரும்போது கிடுகிடுவென்று ஆடுகிறது. ஸ்பிரிங்காக வேலை செய்யும் கமான் பட்டைகளில் ஒன்றைக் குறைக்கலாம் என்று லேத் பட்டறையில் சொல்கிறார்கள், கரும்பு சீசனில் அது வேண்டும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். இன்னொன்று பின்விளக்கு. இரவில் விளக்கில்லாத கரும்பு டிரெய்லரில் மோதி எங்கள் பக்கம் எத்தனையோ உயிர் போயிருக்கிறது என்பதால் எல்.ஈ.டி. விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் கட்டாயம் என்று போட்டோம். ரிஃப்ளெக்டர் அப்படியே இருக்கிறது. ஒயரை மட்டும் எலி விடுவதில்லை. இந்த வருடம் இரும்புக் குழாய்க்குள் ஓட்டியிருக்கிறோம்.