ஹவ் மியூசிக் வொர்க்ஸ்: பாட்டுக்குப் பின்னால் இருக்கும் வாடகைக் கணக்கு

டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் 2012இல் எழுதிய ‘ஹவ் மியூசிக் வொர்க்ஸ்’ புத்தகத்தைச் சுயசரிதை என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். குழுவுக்குள் நடந்த சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை என்ற கதையெல்லாம் இதில் பெரிதாகக் கிடையாது. ஒரு பாட்டு உருவாக என்ன இடம் வேண்டும், என்ன கருவி வேண்டும், எவ்வளவு காசு வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதரின் புத்தகம் இது. மேடைகளுக்கு ஒலி அமைப்பது என் பிழைப்பு என்பதால் எனக்கு அதுவே பிடித்துப்போனது.

அரங்கம் எப்படியோ அப்படித்தான் இசை அமையும் என்பது முதல் அத்தியாயத்தின் வாதம். பெரிய கல் தேவாலயத்தில் ஒரு சுரம் நாலு நொடிக்கு மேல் நிற்கும்; அங்கே மெதுவாக நகரும் இசைதான் எடுபடும். எதிரொலிக்கும் கூடத்தில் வேகமான டிரம்ஸுக்கு மைக் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்வலைசரை எவ்வளவு திருகினாலும் ஒரு அடியின் மேல் அடுத்த அடி ஏறி, எல்லாம் கூழாகிவிடும்.

ஆனால் புத்தகத்தின் உயிர், ஓர் ஊரில் புது இசை எப்படித் தழைக்கிறது என்று சொல்லும் அத்தியாயத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் பவரி தெருவில் 1973இல் ஹில்லி கிறிஸ்டல் தொடங்கிய சிபிஜிபி என்ற இசை கிளப்பின் தரைப்படத்தையே வரைந்து காட்டுகிறார் பைர்ன். மேடை எங்கே, பார் எங்கே என்பதெல்லாம் அவருக்கு முக்கியம். அவர் சொல்லும் நிபந்தனைகளும் அப்படித்தான்: சொந்தப் பாட்டு பாட விட வேண்டும், வாசிக்காத நாளிலும் கலைஞர்களைச் சும்மா உள்ளே விட வேண்டும், பிடிக்காவிட்டால் மேடையைக் கவனிக்காமல் இருக்கவும் வசதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சுற்றுவட்டார வாடகை குறைவாக இருக்க வேண்டும், குறைவாகவே நீடிக்கவும் வேண்டும். 1975இல் அந்த நகரமே திவாலாகும் நிலையில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். கிளப் 2006இல் மூடப்பட்டது. அப்புறம் அதே இடத்தில் விலை உயர்ந்த ஆடைக் கடை வந்தது.

இதையே இசையைத் தொடாமல் 1961இலேயே எழுதிவிட்டார் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ். அமெரிக்கப் பெருநகரங்களின் சாவையும் வாழ்வையும் பற்றிய அவருடைய புத்தகத்தில் பழைய கட்டடங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. புதுக் கட்டடத்தின் செலவைத் தாங்குகிற வாடகையை, இன்னும் காசு பார்க்காத புது முயற்சியால் கொடுக்க முடியாது என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் பைர்ன் சொல்வதன் கனம் கூடுகிறது.

வியாபார அத்தியாயம் துணிச்சலானது. இசைத்தட்டு நிறுவனமே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் முதல் கலைஞரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது வரை ஆறு வகைகளை விளக்கிவிட்டு, தன் ஆல்பங்களின் வரவு செலவையே வட்ட வரைபடமாகப் போட்டுவிடுகிறார். 2004இல் நிறுவனம் மூலம் வந்த ஒன்று, 2008இல் இசைக் கலைஞர் பிரையன் ஈனோவோடு சேர்ந்து தானே வெளியிட்ட இன்னொன்று. இப்படிக் கணக்கைத் திறந்து காட்டும் பாடகர்கள் எத்தனை பேர்? ஒன்று மட்டும்: ஏற்கெனவே பெயர் எடுத்தவருக்குத் தானே வெளியிடுவது எளிது. அவருடைய கணக்கை ஒரு புதுமுகம் அப்படியே நம்பி இறங்கக் கூடாது.

குறையும் உண்டு. பிதாகரஸில் தொடங்கி மூளை ஆராய்ச்சி வரை ஓடும் கடைசி அத்தியாயம், நாலு புத்தகங்களைப் படித்துவிட்டு எழுதிய குறிப்பேடு மாதிரி இருக்கிறது. நான் பாதியைப் புரட்டித் தள்ளினேன். வியாபாரக் கணக்குகளிலும் குறுந்தட்டுக் காலத்து வாடை அடிக்கிறது. வாங்குவதானால் 2017இல் வந்த திருத்திய பதிப்பை வாங்குங்கள், அதில் ஒரு புது அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. கையெழுத்துக்காக ஒப்பந்தம் ஏதாவது மேசையில் காத்திருந்தால் வியாபார அத்தியாயத்தை முதலில் முடித்துவிடுங்கள்.