வெறும் தண்ணி போதும்னு மூணு தடவை சொன்னேன்

ஐந்து வார லீவில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சித்தி மகள் கல்யாணம் நன்றாக நடந்தது, பேங்க் வேலை முடிந்தது, ஆதார் திருத்தம்கூட ஒரே நடையில் ஆகிவிட்டது. அதையெல்லாம் எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்பாவின் வண்டியைக் கழுவ விட்ட வாட்டர் சர்வீஸில் நடந்ததை எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அப்பாவின் வண்டி 1994 மாடல் டாடாமொபைல் பிக்கப். டாடா கம்பெனிக்கு அப்போது டெல்கோ என்றுதான் பேர், 2003இல்தான் டாடா மோட்டார்ஸ் ஆனது. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குத் தனி ஆர்டிஓ ஆபீஸ் வந்து கேஎல் 70 போடுவதற்கு முந்தைய வண்டி என்பதால் நம்பர் பிளேட்டில் பாலக்காட்டின் கேஎல் 9. டாடாவில் சியரா என்று ஒரு கார் வந்ததே, அது இந்த வண்டியின் அடித்தளத்தில் கட்டியதுதான் என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா சொல்லுவார். இருபது வருஷத்துக்கு மேல் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி மார்க்கெட்டுக்குத் தேங்காய் ஏற்றிப் போன வண்டி. முட்டி வலி வந்தபின் அப்பா ஓட்டுவதை நிறுத்தினார். வண்டியும் ஓலைக் கொட்டகையில் ஏழு வருஷம் நின்றுவிட்டது.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவின் ஹாமில்டனில். அங்கே எனக்கும் ஒரு பழைய பிக்கப் உண்டு. பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணி அடிப்பக்கம் ஏறி, பத்தே வருஷத்தில் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, பிஸ்கட் மாதிரி ஆக்கிவிடும். அதனால் துருவோடு எனக்கு நல்ல பழக்கம். கிரைண்டரும் ஒயர் பிரஷ்ஷும் பிடிக்கத் தெரியும். அப்பா வண்டியை இந்த லீவில் நானே வீட்டில் வைத்துச் சரி செய்வது என்று முடிவு செய்துதான் ஃப்ளைட் ஏறினேன். இன்ஜின் பக்கம் பிரச்சினை இல்லை. மெக்கானிக் வந்து டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது பேட்டரி வைத்தார். மூன்றாம் நாள் கரும்புகை விட்டுக்கொண்டு ஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அந்தக் கதை.

அடிப்பக்கம்தான் வேலை. பழைய வண்டிகளின் அடியில் என்ன இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் அடித்த எண்ணெய், அதன்மேல் புழுதி, அதன்மேல் திரும்ப எண்ணெய் என்று விரல் கனத்துக்குத் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, பிரஷர் தண்ணியில் ஒருமுறை அடித்து, காய விட்டு, துருவை எடுத்து, துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே கருப்பு பெயின்ட் அடிப்பது என்பது என் திட்டம். நாலு நாள் கொட்டகையில் மல்லாந்து படுத்துச் சுரண்டினேன். தலைமுடியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்குக்கு அம்மா சீயக்காய் அரைத்துக் கொடுத்தார்.

சுரண்டும்போது ஒன்று கண்டுபிடித்தேன். அந்தத் தார்ப்பொருக்கு தடிமனாக இருந்த இடத்திலெல்லாம் கீழே இரும்பு புதுசு மாதிரி இருந்தது. கம்பெனியில் அடித்த கருப்பு பெயின்ட்கூடப் போகவில்லை. எண்ணெய் எட்டாத இடங்களில்தான் துரு. டிரைவர் சீட்டுக்குக் கீழே ரப்பர் மேட் ஒட்டிக் கிடந்த ஃப்ளோர், கதவின் அடிவிளிம்பு, தேங்காய் நார்த்தூள் நனைந்து அடைத்துக்கொண்ட, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் மூலைகள். ஃப்ளோரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆயுத பூஜை வந்தால் அப்பா சித்தூர்ப் புழையில் வண்டியை இறக்கி, தேங்காய் நாரும் பார் சோப்பும் வைத்துத் தேய்ப்பார். அப்புறம் ஆயில் அடித்து வருவார். நானும் தம்பியும் தொட்டியில் நின்று தண்ணியை வாரி இறைப்போம். அந்த எண்ணெய்தான் இத்தனை வருஷம் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு வாட்டர் சர்வீஸ்காரரை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமாக இருக்காது.

ஆனால் இனிமேல் அடிக்கப்போவது பெயின்ட். எண்ணெய் இருக்கிற இரும்பில் பெயின்ட் நிற்காது.

தம்பி டிராக்டரில் சங்கிலி போட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். கடை பேர் வேண்டாம். போர்டில் தமிழும் மலையாளமும் எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தில் ஏழெட்டு கடைகள் அப்படித்தான். ஓனரிடம் நான்தான் பேசினேன். "அண்ணா, அடியில வெறும் தண்ணி மட்டும் அடிங்க. சோப்பு போட்டாலும் சரி. ஆயில் வேண்டாம், பெயின்ட் அடிக்கப் போறோம்" என்றேன். அவர் என் தம்பியைப் பார்த்து, "சரி தம்பி, பார்த்துக்கலாம்" என்றார். திரும்பச் சொன்னேன். அப்போதும் தம்பியைப் பார்த்துத்தான் தலையாட்டினார். கிளம்பும்போது மூன்றாவது தடவையும் சொன்னேன். வேலை செய்கிற பையன் அசாமிலிருந்து வந்தவன், அவனுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் அரைகுறை. அவன் கைக்குப் போனது ஓனர் எழுதிய துண்டுச் சீட்டுதான். அதில் 'புல்' என்று ஒரே வார்த்தை. புல் சர்வீஸ், அதாவது முழு சர்வீஸ் என்றால் பாடி வாஷ், அடி வாஷ், கிரீஸ், கடைசியில் ஆயில் ஸ்ப்ரே. நமக்கெல்லாம் மனப்பாடம்தானே.

நாலு மணிக்குத் திரும்பி வந்தோம். தெருமுனையிலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, ஆக்ஸில், ஃப்ளோர் எல்லாம் பளபளவென்று கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்தது. அந்தப் பையன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கதவுக்கு அடியில் தண்ணி வடிவதற்கு வைத்த சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளேயும் அடித்திருந்தான். நான் வெல்டிங் வைக்க வேண்டிய இடமே அதுதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓனர் ஓடி வந்தார். அவர் முகத்தில் ஏமாற்றுகிற குணம் ஒன்றும் இல்லை. "எண்ணெய்க்குக் காசு வாங்கலைங்க அக்கா, பழைய வண்டியாச்சேன்னு சும்மா அடிக்கச் சொன்னேன்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. காசுக்காக அடித்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். நல்லது செய்வதாக நினைத்துச் செய்த மனுஷனிடம் என்ன பேசுவது? நாலு நாள் மல்லாந்து கிடந்த முதுகு வலியோடு, "நான் சொன்னதைக் கேட்டீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டேன். அவர் திரும்பவும் தம்பியைப் பார்த்தார்.

ஹாமில்டனிலும் நான் எண்ணெய் அடிக்கிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும், பனி விழுவதற்கு முன், 160 டாலர் கொடுத்து அதே வேலையைச் செய்துகொள்கிறேன். கதவில் ஓட்டை போட்டு உள்ளே அடித்து, பிளாஸ்டிக் மூடி போட்டுத் தருவார்கள். அங்கே அடிப்பது பழைய ஆயில் இல்லை, அதற்கென்றே வருகிற எண்ணெய். ஆனால் எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது எண்ணெய் இல்லை, பேப்பர்தான். எங்கே அடிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று டிக் போட்டு, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி உள்ளே போகும். ரிப்பேர் வேலைக்கு முன்கூட்டியே மதிப்பீடு எழுதித் தர வேண்டும், அதற்குமேல் பத்து சதவீதம் தாண்டி வாங்கக் கூடாது என்று ஒன்டாரியோவில் சட்டமே இருக்கிறது. கூடுதலாக ஒரு நட்டு மாற்றுவதென்றாலும் போன் வரும். சீட்டில் 'புல்' என்பதற்குப் பதில் 'தண்ணி மட்டும்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அப்பா, "எண்ணெய் அடிச்சா வண்டிக்கு நல்லதுதானே கண்ணு" என்கிறார். அன்றைக்கு ராத்திரி நான் யாரோடும் பேசவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வண்டியில் தகடு வெட்டி ஒட்டுகிற டிங்கர் அண்ணன் வந்தார். கதவின் அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி இருக்கையில வெல்டிங் வைக்க மாட்டேன். உள்ள இருக்கற எண்ணெய் புகையும், தீப் பிடிச்சாலும் பிடிக்கும். வச்சாலும் வெல்டு பொத்துப் பொத்தா நிக்கும்" என்றார். சரி, எண்ணெயை எப்படி எடுப்பது என்று அவரே சொல்லிக் கொடுத்தார். இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட நல்ல விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் எண்ணெயை இளக்க வேண்டும். அடுத்தது சோப்பு ஆயிலும் சுடுதண்ணியும். காய்ந்த பிறகு தின்னர். தின்னர் துடைப்பதில்தான் நான் தப்பு செய்துகொண்டிருந்தேன். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் எண்ணெய் போகாது, இங்கிருந்து அங்கே பரவும், அவ்வளவுதான். ஒரு கையில் தின்னர் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. நனைத்ததால் ஒரு முழம் துடைத்து, அது ஆவியாவதற்குள் காய்ந்ததால் ஒற்றி எடுத்து, துணியைத் தூர எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அதற்குத்தான் திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்கிறதே! இரண்டு மூட்டை தீர்ந்தது. ஹாமில்டனில் இந்த வேலைக்கு டப்பாவில் பேப்பர் துணி விற்பார்கள். பனியன் வேஸ்ட் மாதிரி உறிஞ்சுகிற சரக்கு அங்கே எனக்குக் கிடைத்ததில்லை.

எண்ணெய் முழுக்கப் போயிற்றா என்று எப்படித் தெரியும்? டிங்கர் அண்ணன் ஒரு சொம்பு தண்ணியை எடுத்து சேஸிஸ்மேல் ஊற்றினார். தாமரை இலையில் நிற்கிற மாதிரி தண்ணி உருண்டு உருண்டு ஓடியது. "இன்னும் இருக்கு" என்றார். திரும்பத் துடைத்தோம். நாலாவது தடவை ஊற்றும்போது தண்ணி உருளாமல் ஒரே படலமாகப் படிந்து இறங்கியது. "இப்ப பெயின்ட் பிடிக்கும்" என்றார். இதே சோதனையைக் கனடாவில் ஒரு பெயின்ட் டப்பாவின் பின்னால் சின்ன எழுத்தில் படித்திருக்கிறேன். படித்ததோடு சரி, செய்து பார்த்ததில்லை. ஒரு சொம்பை வைத்துக்கொண்டு அவர் காட்டியபோதுதான் மண்டையில் ஏறியது.

பட்டைக்கு வைத்த ரப்பர் புஷ்கள் ஏற்கெனவே ஊதிப்போயிருந்தன. எண்ணெய் பட்டால் ரப்பர் அப்படித்தான் ஆகும். எட்டையும் மாற்றினோம். கழுவின எண்ணெய்த் தண்ணியைத் தோட்டத்தில் விட மனசில்லை, கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. தகர டிரம்மில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்தோம். வாட்டர் சர்வீஸ்களில் அது எங்கே போகிறது என்று இப்போதெல்லாம் ரோட்டில் போகும்போது பார்க்கிறேன். ஓடைக்குப் போகிறது.

எண்ணெய் எடுக்க ஆறு நாள் ஆனது. அதற்குள் தை பிறந்து காற்று வேறு ஏறிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மார்கழி, தையில் கிழக்கேயிருந்து வருகிற காற்று மொத்தமும் அதற்குள் நுழைந்து நம் ஊர் வழியாகத்தான் போகும். ஈரப் பெயின்ட்மேல் புழுதியும் சருகும் வந்து ஒட்டும். காற்று அடங்குகிற விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு மணி வரைதான் அடிக்க முடிந்தது. அப்பா டார்ச் பிடித்தார். டிங்கர் அண்ணன் 18 கேஜ் தகட்டை வெட்டி ஃப்ளோரில் ஒட்டு வைத்த அழகை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அளவு நாடாவைத் தொடவே இல்லை, கையால் முழம் போட்டார், பொருந்தியது. ஹாமில்டனில் இந்த ஒட்டு வேலைக்கு முதல் கேள்வியே, இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்பதாக இருக்கும். இவர் ஒருதடவைகூட அதைக் கேட்கவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாட்டர் சர்வீஸ் ஓனர் டிவிஎஸ் ஃபிப்டியில் வீட்டுக்கு வந்தார். கையில் ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய் கேன். தம்பி சொல்லித்தான் விஷயமே புரிந்ததாம். இந்தமுறை என்னைப் பார்த்துப் பேசினார். "மனசுல வச்சுக்காதீங்க அக்கா." அம்மா காப்பி கொடுத்தார். வண்டியடியில் குனிந்து பார்த்து, டார்ச் அடித்து, கருப்பு காய்ந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை. அடுத்தது தண்ணி சோதனையை டிங்கர் அண்ணன் அவருக்கும் ஒரு சொம்பு ஊற்றிக் காட்டினார்.

இனிமேல் சீட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். "வர்றவங்க சொல்றதை எழுதறேன்" என்றார். எழுதுகிறாரா என்று பார்க்க அடுத்த தையில் தம்பியின் காரை அங்கேதான் விடப்போகிறேன். முன் கண்ணாடியில் தமிழ், மலையாளம், ஹிந்தி மூன்றிலும் 'ஆயில் வேண்டாம்' என்று சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் விடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இடது பின்சக்கரத்துக்கு மேலே இரண்டடி நீளம் மட்டும் ரெட் ஆக்சைடோடு நிற்கிறது, கருப்பு அடிக்க நாள் பற்றவில்லை. மழைக்கு முன்னால் முடித்துவிடுவதாக டிங்கர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்பா தினமும் காலையில் தார்ப்பாயை விலக்கி, ஒரு சொம்பு தண்ணி ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போகிறார் என்று அம்மா நேற்று போனில் சொன்னார்.