தசைவலிக்கு எந்த புரோபயாடிக்? ஃப்ரிட்ஜ் வகையா, ஸ்போர் வகையா

ஜனவரி சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் மத்தியில் இப்போது புரோபயாடிக் (உடம்புக்கு நல்லது என்று எடுக்கும் உயிருள்ள பாக்டீரியா) பேச்சு அதிகம். நீண்ட ஓட்டமோ கனமான ஸ்குவாட்டோ முடிந்து ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை கால் கடுக்குமே, அது சீக்கிரம் தணியுமா, அதற்கு எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் கலவை கேப்ஸ்யூலையும் பார்த்துவிட்டு, நான் பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற ஸ்போர் வகையில் (உறைக்குள் உறங்கும் பாக்டீரியா) நிலைத்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையில் பெரிய ரகசியம் இல்லை. மெடிக்கல் ஷாப் ஸ்ட்ரிப் மலிவு, வெளிநாட்டு டப்பா விலை கூட. இரண்டையும் விழுங்குவது எளிது.

தசைவலிக்கு என்று பார்த்தால் ஸ்போர் வகைக்குக் கையில் ஒரு நேரடி ஆய்வு இருக்கிறது. 2016இல் வெளியானது. உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள 29 இளைஞர்கள் இரண்டு வாரம் 20 கிராம் கேசீன் என்ற பால் புரதத்தைத் தனியாகவும், இன்னொரு இரண்டு வாரம் கோயாகுலன்ஸ் சேர்த்தும் எடுத்தார்கள். பிறகு தசையை நன்றாக வருத்தும் பயிற்சி. பாக்டீரியா சேர்த்த சுற்றில் உடம்பு நன்றாகத் தேறியதாக உணர்ந்தார்கள், 72 மணி நேரம் கழித்து வலியும் குறைவாக இருந்தது. இதில் கேசீன் உடன் இருந்ததை மறக்கக் கூடாது. தசையைச் சீராக்குவது புரதம். அதை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ள பாக்டீரியா உதவுகிறது என்பதுதான் கருத்து. புரதம் இல்லாமல் கேப்ஸ்யூலை மட்டும் விழுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எதிர்த் தரப்பான ஃப்ரிட்ஜ் வகைக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2014இல் வந்த ஒரு ஆய்வில் 10 ஆண் ஓட்டக்காரர்கள் பலவகை பாக்டீரியா கலவையை 4 வாரம் எடுத்துவிட்டு 35 டிகிரி வெப்பத்தில் ஓடினார்கள். களைத்து நிற்கும்வரை ஓடிய நேரம் கூடியது. வெயிலில் ஓடும்போது ரத்தம் தோலுக்கும் தசைக்கும் போய்விடுவதால் குடலுக்கு வரத்து குறையும், குடல் சுவர் தளரும்; அதைத் தாங்க பாக்டீரியா உதவலாம் என்பது யோசனை. ஈசிஆரில் (சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓடுகிறவர்களுக்கு இது ரொம்பவே பொருந்துகிற விஷயம். ஆனால் அங்கே பார்த்தது தாக்குப்பிடிக்கும் திறனை, மறுநாள் தசைவலியை அல்ல.

சரி, இனி என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு.

ஃப்ரிட்ஜ் வகையில் இருப்பவை உலர்த்தித் தூங்க வைத்த உயிருள்ள பாக்டீரியாக்கள். சூடும் ஈரமும் அவற்றைக் கொல்லும். சென்னையில் இரண்டுக்கும் குறைவே இல்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், மற்ற மாதங்களில் கடற்காற்றின் ஈரப்பதம். கிடங்கு, வண்டி, கடை, டெலிவரி பையன் முதுகில் இருக்கும் பை என்று எத்தனை கை மாறி வருகிறது! நடுவில் எங்கே சூடானது என்று நமக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் ஜில்லென்ற பாட்டிலை வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஈரம் கோக்கும். மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை; அப்படி ஒரு வாரம் வந்தால் டப்பாவைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது? லேபிளில் கோடிக்கணக்கில் போட்டிருக்கும் பாக்டீரியா எண்ணிக்கை தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி தேதி வரை உத்தரவாதமா என்பதையும் பாருங்கள். முதலாவது என்றால் நான் வாங்க மாட்டேன்.

ஸ்போர் என்பது விதை மாதிரி. தடித்த உறைக்குள் உறங்கும், சூட்டையும் இரைப்பை அமிலத்தையும் தாங்கும், குடலுக்குப் போய் முளைக்கும். ஜிம் பையில் போட்டு வைத்தாலும் கவலை இல்லை. பாட்டிலைவிட அலுமினிய ஸ்ட்ரிப்பாக வாங்குங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கும்.

ஆனால் ஸ்போர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பேசில்லஸ் கிளாசி உள்ள என்டரோஜெர்மினாவும் ஸ்போர்தான், அதை வயிற்றுப்போக்குக்குத்தான் கொடுப்பார்கள். 2016 ஆய்வில் பயன்படுத்திய கோயாகுலன்ஸ் ரகத்தின் எண் ‘ஜிபிஐ-30, 6086’. நம்மூர் ஸ்ட்ரிப் பலவற்றில் லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ் என்று கோயாகுலன்ஸின் பழைய பெயர் மட்டும் இருக்கும், ரக எண் இருக்காது. அப்படிப்பட்டது அதே பலனைத் தரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தயிரும் பழைய சோறும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடிவிட்டு வந்து உப்புப் போட்ட நீர்மோர் குடிப்பதை நான் விடவில்லை. பழைய சோறு குடலுக்கு என்ன செய்கிறது என்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அது குடல் நோய்க்காக. 100 கிராம் தயிரில் புரதம் 3 கிராம் சொச்சம்தான் என்பதால் இரவில் பனீரோ பாலோ சேர்த்துக்கொள்கிறேன்.

எனக்குப் பலன் தெரிந்ததா? ஞாயிறு ஓடிவிட்டு செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்குவது முன்பைவிட எளிதாக இருக்கிறது. ஆனால் அதே சமயத்தில் இரவுப் புரதத்தையும் தூக்கத்தையும் கூட்டினேன், எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரிக்க முடியாது. மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் ஆண்களை வைத்துச் செய்தவை, பெண்களுக்கு எப்படி என்பதை அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த வகையையும் தொட வேண்டாம். அப்புறம், போட்டி வாரத்தில் புதிதாகத் தொடங்காதீர்கள். முதல் சில நாள் வயிறு உப்பலாம். குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள்.